மிலிட்டரி பட்டறை

எங்கள் பட்டறையின் பலகையில் தாத்தாவின் பெயர்தான் எழுதியிருந்தது. ஆனால் காலடிப்பேட்டையில் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. மார்க்கெட்டில் மீன் கூடை வைத்திருக்கும் ஆயா முதல் தேரடி ஆட்டோக்காரர்கள் வரை எல்லோருக்கும் அது ‘மிலிட்டரி பட்டறை’தான். 1978-ல் அப்பா பட்டாளத்திலிருந்து திரும்பிய பிறகு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அதற்கு முன்னால் ஆறு வருஷம் பட்டறையை நடத்தியவர் அம்மா. அந்த ஆறு வருஷத்தை ஊர் மறந்துவிட்டது. அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அம்மாவையும் சேர்த்துத்தான் எழுத முடியும். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய தொழில் அது.

காலடிப்பேட்டை தொழில்காரர்களுக்காகவே உண்டான ஊர். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் கொண்டுவந்து இங்கே குடியமர்த்தினார். காலெட் பேட்டைதான் காலடிப்பேட்டை ஆயிற்று. நான் பிறந்த காலத்தில் தறிச் சத்தம் ஏறக்குறைய ஓய்ந்து, கம்பெனிச் சங்கு அந்த இடத்தைப் பிடித்திருந்தது. விம்கோ தீப்பெட்டி, என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., கே.சி.பி., கார்போரண்டம், எண்ணூரில் அசோக் லேலண்ட். எந்தச் சங்கு எந்தக் கம்பெனியுடையது என்று தெருப் பிள்ளைகள் கேட்ட மாத்திரத்தில் சொல்வோம். பெரிய கம்பெனி ஒன்று வந்தால் அதன் மதிலுக்கு வெளியே சின்னச் சின்னப் பட்டறைகள் முளைக்கும். புஷ் கடைவது, பின் கடைவது, தேய்ந்த ஷாஃப்ட்டைச் சரி செய்வது, போல்ட்டுக்கு மரை போடுவது. மாட்டுவண்டி அச்சு அடித்துக்கொண்டிருந்த கொல்லுப்பட்டறையைத் தாத்தா 1950-களில் லேத்துப் பட்டறையாக மாற்றியதும் அப்படித்தான். பெல்ட்டில் ஓடுகிற பழைய லேத்து ஒன்றை வாங்கிப் போட்டார். அப்பா கை பழகியது அதில்தான்.

1962-ல் சீனப் போர் வந்தது. மறு வருஷம் ராணுவம் பெருமளவில் ஆள் எடுத்தபோது அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். வயது பத்தொன்பது. தாத்தாவுக்குக் கோபம், பல மாதம் கடிதம் போடவில்லையாம். கடைசல் வேலை தெரியும் என்றதும் அப்பாவை ஈ.எம்.ஈ.யில் போட்டார்கள். டாங்க், லாரி, பீரங்கி, வயர்லெஸ் எல்லாவற்றையும் பழுது பார்க்கிற படைப்பிரிவு அது. இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1943 அக்டோபரில் தொடங்கியது. செகந்திராபாத்தில் பயிற்சி முடித்து வடக்கே அனுப்பினார்கள். சண்டை போடுகிற படைக்குப் பின்னாலேயே ஒர்க்‌ஷாப் லாரிகள் போகும். அந்த லாரிக்குள் ஒரு லேத்து நிற்கும். அப்பாவின் இடம் அதன் முன்னால்.

துப்பாக்கிச் சண்டைக் கதை எதிர்பார்த்து எத்தனையோ பேர் அவரைக் கேட்டிருக்கிறார்கள். அவர் வாய் திறந்தது ஒரே ஒரு இடத்தைப் பற்றித்தான். 1965 செப்டம்பர், பஞ்சாபில் கேம்கரண் பக்கத்து அசல் உத்தர். பாகிஸ்தானின் பாட்டன் டாங்குகள் வருகிற பக்கம் வாய்க்காலை உடைத்துக் கரும்புக் கொல்லைகளில் தண்ணீரை விட்டிருந்தார்கள் நம் ஆட்கள். டாங்குகள் சேற்றில் இறங்கி நின்றுவிட்டன. 8-ம் தேதி முதல் 10-ம் தேதி வரை நடந்த சண்டையில் அவர்கள் 97 டாங்குகளை இழந்தார்கள் என்பது நம் தரப்புக் கணக்கு. ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் டாங்குகளை ஒவ்வொன்றாக அடித்த அப்துல் ஹமீது உயிர் விட்டது அங்கேதான். அவருக்குப் பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள். சண்டை ஓய்ந்த பிறகு ஈ.எம்.ஈ. ஆட்களின் வேலை. சேற்றில் நின்ற டாங்குகளை இழுத்து வெளியே எடுக்க வேண்டும், நம்முடையதையும் அவர்களுடையதையும். பிடித்த டாங்குகளை வரிசையாக நிறுத்தி வைத்த இடத்துக்குப் பாட்டன் நகர் என்றே பெயர் வந்தது.

அப்பா ஒரு பாட்டனுக்குள் இறங்கிப் பார்த்திருக்கிறார். “கடைசல் அவ்வளவு சுத்தம்மா. கையை வெச்சா வழுக்குது. நாம இன்னும் எவ்வளவோ கத்துக்கணும்னு தோணுச்சு,” என்பார். பகை நாட்டு டாங்குக்குள் இறங்கிய இருபத்தொரு வயதுப் பையன் பார்த்தது அதைத்தான். அவரைச் சரியாகப் புரிந்துகொள்ள அது ஒன்று போதும் என்று எனக்குப் படும்.

இன்னொன்றும் சொல்வார், எப்போதாவது. ராத்திரி ஒரு வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வரும். விடிவதற்குள் சரி பண்ண வேண்டும். ஓட்டுகிற ஆட்கள் பக்கத்திலேயே தரையில் படுத்துத் தூங்குவார்கள். காலையில் எழுந்து, டீ குடித்துவிட்டு, கையை ஆட்டிவிட்டுப் போவார்கள். “அந்த வண்டி திரும்பி வரலைன்னா, குண்டு பட்டுதா, நாம போட்ட சாமான் விட்டுப் போச்சா, நமக்குத் தெரியவே தெரியாது.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஏதோ ஒரு வண்டியை நினைத்துத்தான் சொல்கிறார் என்று தெரியும். எந்த வண்டி என்று நாங்கள் கேட்டதில்லை. பின்னால் நாற்பது வருஷம் அந்தப் பட்டறையில் அவர் செய்த ஒவ்வொரு வேலைக்கும் அந்த வண்டிதான் அளவுகோல் என்பது என் எண்ணம்.

அவருக்குக் கல்யாணம் 1966-ல். நான் மறு வருஷம் பிறந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார், டிரங்குப் பெட்டியோடு. மற்றபடி அவர் எங்களுக்கு ‘கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.’ என்ற முகவரிதான். 1972-ல் தாத்தா இறந்தார். அம்மாவுக்கு அப்போது இருபத்து நாலு வயது, கையில் நானும் தம்பியும். லேத்தை விற்றுவிட்டு மணியார்டரில் குடும்பம் நடத்து என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அம்மா மறுநாள் காலையில் போய்ப் பட்டறையைத் திறந்தார்.

அவருக்கு லேத்து ஓட்டத் தெரியாது. ஆனால் தாத்தாவிடம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் வெர்னியர் வைத்து அளவு பார்க்கக் கற்றுக்கொண்டார். சரக்கு வாசலைத் தாண்டும் முன் அம்மா ஒரு தடவை அளப்பார். கழிவுச் சுருளில் அவர் கண்டுபிடித்த லாபம் தாத்தாவுக்கே தெரியாதது. பித்தளைச் சுருளும் இரும்புச் சுருளும் கலந்து கிடந்தால் பழைய இரும்புக்காரர் இரும்பு விலைதான் தருவார். அம்மா பித்தளை வேலைக்கு முன்னும் பின்னும் லேத்துத் தட்டைப் பெருக்க வைத்து, சுருளைத் தனி டின்னில் சேர்த்து, பித்தளை விலைக்கு விற்றார். எங்கள் பள்ளிக்கூடச் செலவு அந்த டின்னிலிருந்து வந்தது. அப்பாவின் இன்லேண்ட் கடிதங்களில் சுக விசாரிப்பு நாலு வரி இருக்கும். மீதி இடத்தில் டூலை எந்தக் கோணத்தில் தீட்ட வேண்டும் என்று பென்சில் படம் இருக்கும். அம்மா அதைப் பெரியவரிடம் காட்டுவார். பெரியவர், “உன் புருஷனுக்கு அங்க வேற வேலையே இல்லியாம்மா?” என்று சொல்லிக்கொண்டே அப்படியே தீட்டுவார்.

பதினைந்து வருஷம் முடித்து, பென்ஷனோடு, ஹவில்தாராக அப்பா வந்து சேர்ந்தார். முதல் வேலையாக ஒரு பெரிய பலகை வாங்கி வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். ஒவ்வொரு ஸ்பானரையும் ரிஞ்சையும் சுத்தியலையும் அதன்மேல் வைத்து ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அந்த உருவத்தைக் கறுப்பில் நிரப்பி, ஆணி அடித்து மாட்டினார். எடுத்த சாமான் திரும்ப வராவிட்டால் கறுப்பு உருவம் தெரியும். சாயந்திரம் ஒரு கறுப்பு தெரிந்தாலும் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. பையன்கள் முதலில் முணுமுணுத்தார்கள். எஞ்சினுக்குள் மறந்து விட்ட ஒரு ஸ்பானர் என்ன செய்யும் என்று அவர் ஒரு நாள் சொல்லிக்காட்டிய பிறகு யாரும் பேசவில்லை.

வேலை தெரிந்தவருக்கு வியாபாரம் தெரியவில்லை. முதல் தேதி ஆனால் கேட்காமலே சம்பளம் வருகிற இடத்தில் பதினைந்து வருஷம் இருந்தவர். கொடுத்த சரக்குக்குப் பணம் கேட்க அவருக்கு வாய் வராது. வடசென்னையில் சின்னப் பட்டறை நடத்திய எவருக்கும் இது தெரியும்: வேலை கிடைப்பது பாதிப் போராட்டம், பில் பாஸாவது மீதிப் பாதி. ஒரு கம்பெனி எங்களுக்குத் தர வேண்டிய பணத்தைப் பல மாதம் இழுத்தடித்தது. அப்பா போய் நின்றால், ‘அடுத்த வாரம் வாங்க மிலிட்டரி’ என்பார்கள். அவர் சரி என்று திரும்பிவிடுவார். சொன்ன சொல்லை நம்புகிற பழக்கம். கடைசியில் அம்மா டிபன் பாக்ஸோடு போய் அக்கவுண்ட்ஸ் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. சாயந்திரம் சங்கு ஊதும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் காலை மறுபடியும் போய் உட்கார்ந்தார். செக் வந்தது.

2006-ல் சிறு தொழில்களுக்கென்று ஒரு சட்டம் வந்து, சரக்கை ஏற்றுக்கொண்டால் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று சொன்னது. நல்ல சட்டம். ஆனால் புகார் எழுதுகிற பட்டறைக்கு அடுத்த ஆர்டர் வராது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பயத்தை எந்தச் சட்டமும் எடுக்கவில்லை. நாட்டுக்கு உழைத்தவர் என்று மாலை போட்டவர்களில் ஒருவர்கூட அவர் பில்லை ஒரு வாரம் முன்னால் பாஸ் பண்ணியதில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது.

கம்பெனி வேலை அப்படி என்றால், கடல் வேலை வேறு மாதிரி. காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள் எங்கள் பட்டறைக்கு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கொண்டுவருவார்கள். 2001-லிருந்து மீன்பிடித் தடைக்காலம் வந்த பிறகு அது எங்களுக்குப் பருவமாகவே ஆகிவிட்டது. முதலில் 45 நாள். 2017 முதல் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை. படகுகள் கரையேறி நிற்கிற அந்த நாட்களில்தான் ஷாஃப்ட், புஷ், பேரிங் எல்லாம் பார்ப்பார்கள். ஷாஃப்ட்டை இரண்டு முனையிலும் பிடித்து மெதுவாகச் சுற்றவிட்டு, டயல் கேஜ் முள் ஆடுகிறதா என்று அப்பா கண் கொட்டாமல் பார்ப்பார். கொஞ்சம் ஆடினாலும் விடமாட்டார். “அவ்ளோ தூரம் பாக்க வேணாம் மிலிட்டரிண்ணா, சும்மா ஓடினா போதும்,” என்பார்கள். “ரோட்ல நின்னா தள்ளிக்கினு வந்துடலாம். நடுக்கடல்ல நின்னா ஒர்க்‌ஷாப் லாரி வருமாடா?” என்பார். கூலி அதேதான், நேரம் இரண்டு மடங்கு. அம்மா இதற்காக அவரோடு சண்டை போட்டதுண்டு. அவர் தேய்ந்த ஷாஃப்ட்டைச் சரி பண்ணுவதே ஆபத்து என்று சொல்லிப் புது ஷாஃப்ட் போடச் சொன்ன நாட்களில், வந்த வேலை பக்கத்துப் பட்டறைக்குப் போயிருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பட்டறைக்கு விடுமுறை. கடல் உள்ளே வந்துவிட்டது என்று ஜனங்கள் ஹைரோடு பக்கம் ஓடி வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். அறுபது வயது. அலை அடங்கியதும் கயிறும் ஸ்பானர் பையும் எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனார். நானும் தம்பியும் பின்னாலேயே போனோம். ஃபைபர் படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வலைகள் மரத்தில் தொங்கின. ஆட்களைத் தேடுகிறவர்கள் ஒரு பக்கம். உயிரோடு நின்றவர்களில் சிலர், கை பரபரத்து, எஞ்சின் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சுற்றிவிடப் போனார்கள். அப்பா போட்ட சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அவ்வளவு உரக்க அவர் பேசி நான் கேட்டதே இல்லை. “யாரும் ஸ்டார்ட் பண்ணாதீங்க! உள்ள தண்ணி இருக்கு!”

எஞ்சின் சிலிண்டருக்குள் காற்று இருந்தால் பிஸ்டன் அதை அமுக்கும். தண்ணீர் இருந்தால் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதற்குப் பிறகு அந்த எஞ்சின் பழைய இரும்புதான். தண்ணீரை வடித்து, இன்ஜெக்டரைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு டீசலில் கழுவி, ஆயில் போட்டு வைத்தால் பிழைக்கும். ஆனால் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் உப்பு இரும்பைத் தின்னும். அப்பா அன்று சாயந்திரமே எண்ண ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த வாரங்களில் நான் பார்த்தது என் அப்பாவை அல்ல, ஹவில்தாரை. மணலில் புதைந்த படகுகளை இழுக்கும்போது, கயிறு இழுபடுகிற நேரில் யாரும் நிற்கக் கூடாது என்று ஒரு ஆளைக் காவல் வைத்தார். அறுந்த கயிறு ஆளை வெட்டும். பட்டறை வாசலில் தகரத் தட்டுகள் வரிசையாக வைத்தார். ஒரு படகின் எஞ்சினைப் பிரித்த சாமான் எல்லாம் ஒரே தட்டில், தட்டின் மேல் சாக்பீஸில் படகு நம்பர். ஒருவருடைய போல்ட் இன்னொருவருடைய தட்டில் விழுந்தால் பையன்களைத் திட்டிவிடுவார். அந்த வருஷம் சென்னையில் குடிக்கிற தண்ணீருக்கே பஞ்சம். எஞ்சின் கழுவ நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அம்மா தண்ணீர் லாரிக்காரர் ஒருவரைப் பிடித்து, மூன்று டிரம் நிறைய வாங்கி வைத்தார். எப்படிப் பிடித்தார் என்று எனக்கு இன்றுவரை சொன்னதில்லை.

கூலி வாங்குவதில்லை என்று அப்பா முடிவு பண்ணினார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “இனாம்னு சொல்லிட்டா அவங்க மறுபடி நம்ம படி ஏற மாட்டாங்க. கூசுவாங்க. பாதிக் கூலி எழுதுறேன், எப்ப முடியுமோ அப்ப தரட்டும்.” அப்படியே கணக்கு நோட்டில் படகு நம்பரும் தொகையும் எழுதினார். சிலர் அடுத்த தடைக்காலத்துக்குள் கொடுத்தார்கள். சிலர் பல வருஷம் கழித்து, மகனிடம் கொடுத்தனுப்பினார்கள். சிலர் தரவில்லை. ஆனால் ஒருவரும் எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. அந்த விஷயத்தில் அம்மா சொன்னதுதான் சரி என்று அப்பாவே பிற்பாடு சொன்னார்.

அதற்குப் பிறகு தொழில் இறங்குமுகம். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனிகளில் சில மூடின, சில இடம் பெயர்ந்தன. இருந்த வேலையைக் கம்ப்யூட்டரில் ஓடும் லேத்துகள் எடுத்துக்கொண்டன. 2012-ல் சென்னையில் தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு. பாதிக் கடைசலில் கரண்ட் போனால் அந்த ஜாப் போயிற்று. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது எங்கள் அளவு பட்டறைக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் நம்பர் இல்லாத பட்டறைக்கு வேலை தர முடியாது என்று ஆர்டர் கொடுத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். 2016-ல் தொடங்கிய மெட்ரோ வேலையில் ஹைரோடு முழுக்கத் தகரத் தடுப்பு. ஷாஃப்ட்டை ஏற்றி வருகிற டாட்டா ஏஸ் நிற்க இடமில்லை.

ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் 2015 நவம்பரில் உத்தரவானது. 2014 ஜூலையிலிருந்து கணக்குப் போட்டு, நிலுவையை ஆறு மாதத்துக்கு ஒன்றாக நாலு தவணையில் தந்தார்கள். எத்தனையோ வருஷம் முன்னாள் படைவீரர்கள் கேட்டுப் போராடிய பணம். கண் ஆபரேஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். அப்பா அதை எடுத்து, பட்டறையில் வயதாகி நின்றுபோன தொழிலாளி ஒருவருக்குக் கணக்குத் தீர்த்தார். “எனக்கு பென்ஷன் இருக்கு. அவனுக்கு யாரு தருவா?” இந்த ஒரு தடவை அம்மா சண்டை போடவில்லை.

அப்பா 2019-ல் போனார். காலடிப்பேட்டை ஸ்டேஷனுக்கு ரயில் வந்தது 2021 பிப்ரவரி 14-ம் தேதி. பட்டறை இடத்தை வைத்துக்கொண்டு லேத்தை மட்டும் விற்க அம்மா முடிவு செய்தார். ஐ.டி.ஐ. முடித்துப் பதினெட்டு வயதில் எங்களிடம் வந்து, அப்பாவிடம் திட்டு வாங்கி வாங்கித் தொழில் கற்ற பையன் ஒருவன் இருந்தான். இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள். பழைய இரும்புக்காரர் கொடுப்பதாகச் சொன்ன விலைக்கே, தவணையில், அவனுக்குக் கொடுத்தார். அவன் அதைச் சாத்தாங்காடு பக்கம் கொண்டுபோய் ஷெட் போட்டிருக்கிறான். தடைக்காலத்தில் காசிமேட்டு ஷாஃப்ட்டுகள் இப்போது அங்கே போகின்றன. அம்மாவுக்குப் போன் பண்ணி ‘மிலிட்டரி பட்டறை எங்கம்மா மாறிச்சு?’ என்று கேட்கிறவர்களுக்கு அவரே வழி சொல்வார்.

போன மாதம் அவன் கடைசித் தவணையைக் கொண்டுவந்தான். அம்மா நோட்டைத் திறந்து வரவு எழுதி, அடியில் கோடு போட்டு, ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். “இன்னையோட லேத்து உன்னுது,” என்றார். அவன் காலில் விழப்போனான். எழுந்திரு என்று அதட்டிவிட்டு, “பித்தளைச் சுருளைத் தனியா வெக்கிறியா?” என்று கேட்டார்.